இருப்பு ஒன்று, கணக்கு ஒன்று: மென்பொருளில் வரும் தரவு முரண்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம், சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரிப் பக்கம் இரண்டு மூன்று கிளைகளோடு இயங்கும் மொத்தக் கடைகள், மருந்துக்கடைகள், கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கணக்கு மென்பொருள் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. தொலைபேசியில் வரும் சந்தேகங்கள் ஆளுக்கு ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவற்றைக் கேட்டவர்களின் வாயால் கேட்டபடியே எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன். எந்த நிறுவனத்தின் மென்பொருள் என்பது பெரிதாக முக்கியமில்லை. நோய் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

"தம்பி, காலமை திறந்தவுடனை 'தரவு முரண்' எண்டு சிவப்பிலை வருது. இது வைரஸோ?"

வைரஸ் இல்லை. மென்பொருள் ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதி வைக்கிறது. இரண்டும் இப்போது வேறு வேறு கதை சொல்கின்றன, அவ்வளவுதான். பில்லின் அடியில் மொத்தம் 4,500 ரூபா என்று இருக்கும், உள்ளே உள்ள சாமான்களைக் கூட்டினால் 4,350 வரும். அல்லது இருப்பு அறிக்கை 60 என்று சொல்லும், வரவு செலவுப் பதிவுகளைக் கூட்டிக் கழித்தால் 48 வரும். எது உண்மை என்று மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் கத்துகிறது.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எண்ணே பிழையாக ஏறியது. மற்றது, எண் அப்படியே இருக்க, அதை வாசிக்கிற விதி மாறியது. யாரோ ஒரு செற்றிங்கை மாற்றியிருப்பார்கள். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலாவதைத் தேடிக் களைத்துப்போய் வருகிறார்கள். நான் போனவுடன் இரண்டாவதைத்தான் தேடுவேன்.

"நாங்கள் ஒண்டும் தொடேல்லை. நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்தது?"

நேற்று வரை நன்றாக இருந்ததா, நேற்று வரை யாரும் பார்க்கவில்லையா? இதைக் கேட்டால் பலருக்குக் கோபம் வரும். ஆனால் மாதக் கடைசியில் மட்டும் அறிக்கை எடுக்கும் கடையில், 3ஆம் திகதி புகுந்த பிழை 31ஆம் திகதிதான் முகம் காட்டும்.

அதனால் முதலில் கடைசியாகக் கணக்கு ஒத்து வந்த நாளைக் கண்டுபிடியுங்கள். முப்பது நாளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. 15ஆம் திகதிக்கு அறிக்கை எடுங்கள். ஒத்து வந்தால் பிழை அதற்குப் பிறகு, வராவிட்டால் அதற்கு முன். அடுத்தது மிச்சப் பாதியின் நடு. ஐந்து தடவை பார்த்தால் நாள் கையில் வந்துவிடும். அந்த நாள் கிடைத்ததும் மூன்று விஷயம் கேளுங்கள்: அன்றைக்கு யார் செற்றிங் மாற்றியது, மென்பொருள் அப்டேற் ஆனதா, எக்ஸெலில் இருந்து ஏதாவது உள்ளே ஏற்றினீர்களா. மாற்றப் பதிவேடு என்று ஒரு பக்கம் பெரும்பாலான மென்பொருளில் உண்டு. சில இடங்களில் அதை அணைத்து வைத்திருப்பார்கள், "சிஸ்டம் ஸ்லோ" என்ற காரணம் சொல்லி. இன்றைக்கே போட்டு விடுங்கள்.

"பெட்டிக்கு 24 இருந்ததை 12 ஆக்கினன். இப்ப களஞ்சியத்திலை இல்லாத சாமானெல்லாம் இருக்கெண்டு காட்டுது!"

நான் அதிகம் பார்த்த பிழை இதுதான், ஆறுதலாகவே சொல்கிறேன். ஒரு கடையில் நெல்லி கிரஷ் என்ற பானம் பெட்டிக்கு 24 போத்தலாக வந்துகொண்டிருந்தது. களஞ்சியத்தில் 40 பெட்டி, அதாவது 960 போத்தல். உற்பத்தியாளர் 12 போத்தல் பெட்டிக்கு மாறினார். களஞ்சியப் பொறுப்பாளர் சாமான் விபரத்துக்குள் போய் 24ஐ அழித்து 12 என்று அடித்தார். அவர் பார்வையில் அது சரியான வேலை. ஆனால் மென்பொருள் இருப்பைப் போத்தலில்தான் வைத்திருந்தது. 960ஐ 12ஆல் வகுத்து 80 பெட்டி என்று காட்டியது. கூடத்தானே காட்டுகிறது என்று ஒருவரும் பதறவில்லை.

பிறகு பழைய பெட்டியில் ஐந்து விற்றார்கள். களஞ்சியத்தை விட்டுப் போனது 120 போத்தல், மென்பொருள் கழித்தது 60. புதுப் பெட்டியில் 20 வந்தது, 240 போத்தல், அது சரியாகவே ஏறியது. இப்போது களஞ்சியத்தில் 1,080 போத்தல், மென்பொருளில் 1,140. பொறுப்பாளர் ஒரு நாள் முழுக்க நின்று எண்ணினார். மூன்று தரம் எண்ணியும் அறுபது போத்தல் குறைந்தது. அங்கே வேலை செய்த பெடியன் மேல் சந்தேகம்கூட வந்தது. பாவம், அவன் ஒரு போத்தலையும் தொடவில்லை.

அளவு மாறினால் பழைய அலகைத் தொடாதீர்கள். 'பெட்டி 12' என்று புது அலகு ஒன்று சேர்த்து, பழைய இருப்பு முடியும் வரை இரண்டையும் வைத்திருங்கள். ஏற்கனவே மாற்றிவிட்டீர்கள் என்றால், பழைய அலகை 24க்கே திருப்பி, புது அலகைத் தனியாகச் சேர்த்து, மாற்றிய நாளுக்குப் பிந்திய பில்களில் பழைய பெட்டி விற்றவற்றைப் பொறுக்கி எடுத்து, அந்த வித்தியாசத்துக்குக் காரணம் எழுதி ஒரு இருப்புச் சீராக்கல் பதிவு போடுங்கள். மேலே சொன்ன கதையில் அது 60 போத்தல். ஒரு எச்சரிக்கை: சில மென்பொருள்கள் அளவைப் பெட்டியிலேயே சேமித்து, பார்க்கும்போது பெருக்கிக் காட்டும். அவற்றில் 24ஐ 12 ஆக்கினால் போன வருட அறிக்கையும் சேர்ந்து மாறும். உங்களுடையது எந்த வகை என்று விற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கை வையுங்கள்.

"ஸ்ரொக் மைனஸ் பத்து எண்டு நிக்குது. இல்லாத சாமானை எப்பிடி வித்தனாங்கள்?"

விற்றது உண்மையான சாமானைத்தான். கொழும்பு லொறி இரவில் வந்து இறக்கிவிட்டுப் போகும். காலையில் விற்பனை தொடங்கிவிடும். வரவுப் பதிவு மத்தியானம் சாப்பிட்ட பிறகுதான் நடக்கும். இடைப்பட்ட நேரத்தில் இருப்பு மைனஸ். இரவுக்குள் எண் சரியாகிவிடும் என்று விடுகிறார்கள். எண் சரியாகும், விலை சரியாகாது.

ஒரு பெட்டி சவர்க்காரத்தின் பழைய அடக்கவிலை 4,000 ரூபா. இருப்பு மைனஸ் 10இல் நிற்கும்போது, 50 பெட்டி 4,600 ரூபாவுக்கு வரவு வைக்கிறீர்கள். சராசரி போடும் மென்பொருள் 2,30,000இல் 40,000ஐக் கழித்து, மிச்சம் 40 பெட்டியால் வகுக்கும். வருவது 4,750. நீங்கள் ஒரு பெட்டிகூட அந்த விலைக்கு வாங்கவில்லை! 'மைனஸ் இருப்பை அனுமதி' என்ற செற்றிங்கை அணைத்தால் இது நிற்கும். ஆனால் காலையில் பில் போட முடியாமல் கடையில் வரிசை நிற்கும், முதலாளி உங்களைத் தேடுவார். லொறி இறங்கும்போதே வரவு போட ஆள் வைத்த பிறகு அணையுங்கள்.

"டிசம்பர் பில்லுக்கு ஜனவரியிலை சாமான் திரும்பி வந்தது. வற் கணக்கு ஏன் உதைக்குது?"

2024 ஜனவரி 1ஆம் திகதி இலங்கையில் வற், அதாவது பெறுமதி சேர் வரி, 15 வீதத்தில் இருந்து 18 வீதமானது. டிசம்பரில் 1,000 ரூபாச் சாமானுக்கு 1,150 வாங்கினீர்கள். ஜனவரியில் திரும்பி வந்தபோது மென்பொருள் 18 வீதத்தோடு 1,180ஐத் திருப்பிக் கொடுத்தது. காரணம், யாரோ வரி விபரத்தில் 15ஐ அழித்து 18 என்று எழுதியிருக்கிறார்கள். நெல்லி கிரஷ் கதைதான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது.

வரி அட்டவணையில் ஒவ்வொரு வீதமும் தொடங்கும் திகதியோடு தனி வரியாக இருக்க வேண்டும். 2022 யூன் 1இல் 8இல் இருந்து 12, அதே வருடம் செப்ரெம்பர் 1இல் 15, 2024 ஜனவரி 1இல் 18. உங்கள் அட்டவணையில் ஒரே ஒரு வரி மட்டும் இருந்தால், பழைய பில் ஒன்றை மீள அச்சடித்துப் பாருங்கள், விளங்கும். திரும்பி வரும் சாமானுக்கான கடன் குறிப்பை வெறுமையாகத் தொடங்காமல், மூலப் பில்லைத் திறந்து அதிலிருந்தே போட்டால் பழைய வீதம் தானாக வரும்.

"ஒரு மாசத்திலை முதல் 12 நாள் மட்டும் பிழைக்குது. இதென்ன பேய் வேலையோ?"

இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோசம், ஏனென்றால் பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. புதிதாக விண்டோஸ் போட்ட ஒரு கணினியில் திகதி அமைப்பு அமெரிக்க முறையில் இருக்கும், மாதம் முன்னால், நாள் பின்னால். நீங்கள் 03/04 என்று அடித்தது ஏப்ரல் 3. அது எடுத்துக்கொண்டது மார்ச் 4. 13ஆம் திகதியில் இருந்து பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் பிழைச்செய்தி வரும், அல்லது சரியாகவே வாசிக்கும். ஆபத்து சத்தமில்லாமல் ஏறும் முதல் 12 நாளில்தான். வருடத்தில் 132 நாட்கள் இப்படி இரண்டு விதமாக வாசிக்கக்கூடியவை. 04/04 போல நாளும் மாதமும் ஒன்றான 12 நாள் மட்டும் தப்பும்.

எல்லாக் கணினியிலும் பிராந்திய அமைப்பை ஒரே மாதிரி வையுங்கள். கோப்பாக ஏற்றும்போது வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் 2024-04-03 என்று எழுதுங்கள். அதைத் தலைகீழாக வாசிக்கும் மென்பொருளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

"விடியப்புறம் போடுற பில் எல்லாம் முதல் நாள் கணக்கிலை விழுது."

மரக்கறி மொத்த வியாபாரிகள் கேட்பது. விடிய 4.30க்குப் பில் போடுகிறார்கள். சேர்வர் எங்கோ வெளிநாட்டில், உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அங்கே அப்போது முதல் நாள் இரவு 11 மணி. எங்கள் நேரம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால் என்பதால், 5.30க்கு முன் போடும் எதுவும் முதல் நாளில் விழும். மாதம் 1ஆம் திகதி விடியப்புறம் என்றால் இன்னும் மோசம்: பூட்டிய மாதத்துக்குள் பதிவு போகப் பார்த்து 'காலம் மூடப்பட்டது' என்று வரும்.

நேர வலயத்தில் வெறும் +5.30 என்று போடாமல் 'ஏசியா/கொழும்பு' என்று தெரிவு செய்யுங்கள். காரணம் உண்டு. 1996 மே மாதம் இலங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கியது. 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கு வந்தது. 'பழைய நேரமா, புது நேரமா' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலப் பதிவுகளை ஏற்றுகிறவர்களுக்கு அந்தப் பெயருக்குள் இந்த மாற்றங்கள் எல்லாம் அடக்கம்.

"ஒரே வாடிக்கையாளர் ரெண்டு தரம் நிக்கிறார். பேர் எழுத்துக்கு எழுத்து ஒண்டுதான். பிறகேன் தேடினால் ஒண்டுதான் வருது?"

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. 'பொன்' என்று எழுதும்போது ஒகரக் குறியை ஒரு விசைப்பலகை ஒரே குறியாகச் சேமிக்கும், இன்னொன்று எகரக் கொம்பும் காலும் என்று இரண்டாகச் சேமிக்கும். திரையில் வித்தியாசமே தெரியாது. இதற்கு யூனிகோட் இயல்பாக்கம் என்று ஒரு வழி இருக்கிறது. உங்கள் மென்பொருள்காரரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் விளங்கிக்கொள்வார். ஆனால் அதற்கும் அகப்படாத இரண்டு உண்டு. 'கௌரி' என்பதைக் கொம்பு போட்டு ளகரம் அடித்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 'ஸ்ரீ' யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படுகிறது, முதல் எழுத்து வேறு வேறு. கடைப் பெயர்களில் பாதி ஸ்ரீயில் தொடங்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. இவற்றைக் கையால்தான் தேடி ஒன்றாக்க வேண்டும்.

இன்னொரு வகை, பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியலை அப்படியே ஏற்றியது. பாமினி உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்துகளைத்தான், மேலே தமிழ் முகமூடி மட்டும். மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கிய பிறகே ஏற்றுங்கள். பெயர் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் நின்றால் கதை வேறு: தமிழ் ஏற்காத வகைக் கட்டத்துக்குள் தமிழைத் தள்ளியிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குறிகளில் இருந்து பெயரை மீட்க வழியே இல்லை. கட்டத்தின் வகையை மாற்றி மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

"அப்ப அடையாள அட்டை இலக்கத்தை வைச்சால் பிரச்சினை தீருமோ?"

பெயரை விட நல்லது. ஆனால் அதற்கும் பழையது, புதியது உண்டு. பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் ஒரு எழுத்தும், 2016இல் இருந்து வரும் புதியது 12 எண். ஒரே ஆள் இரண்டாலும் பதிவாகியிருக்கலாம். பழையதின் முன்னால் 19 சேர்த்து, அதன் முதல் ஐந்து எண்ணுக்குப் பின் ஒரு பூச்சியம் நுழைத்து, கடைசி எழுத்தை விட்டால் புதிய வடிவம் வரும். எல்லாவற்றையும் 12க்கு மாற்றிவிட்டு இரட்டைகளைத் தேடுங்கள்.

"எக்ஸெலிலை சரியாத்தான் இருந்தது. ஏத்தினாப் பிறகு பார்கோட் ஒண்டும் பிடிக்கேல்லை."

ஏற்றுவதற்கு முன் அந்த சிஎஸ்வி கோப்பை (கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எக்ஸெலில் திறந்து பார்த்து, 'சேவ்' கொடுத்தீர்களா? அங்கேதான் போனது. இலங்கைப் பார்கோட் 479இல் தொடங்கும் 13 இலக்கம். எக்ஸெல் அதை எண் என்று நினைத்து 4.79 என்றும் பின்னால் பத்தின் அடுக்கு 12 என்றும் சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்தால் சுருக்கியதுதான் கோப்பில் எழுதப்படும், மிச்ச இலக்கங்கள் போய்விடும். தொலைபேசி இலக்கமும் அப்படித்தான், 021இல் முன் பூச்சியம் காணாமல் போகும். அந்த நிரல்களை 'ரெக்ஸ்ற்' என்று குறித்து இறக்குமதி செய்யுங்கள். பார்க்க மட்டும் என்றால் நோட்பாட்டில் திறவுங்கள்.

"முகவர் கடையை மூடிப் போட்டார். அவரை அழிச்சன். இப்ப பழைய பில் திறக்குதில்லை."

பில்லுக்குள் முகவரின் பெயர் இல்லை, அவருடைய இலக்கம் மட்டும்தான் இருக்கிறது. இலக்கம் காட்டும் ஆளை அழித்துவிட்டால் பில் அநாதை. நல்ல தரவுத்தளம் அழிக்கவே விடாது. பழைய மென்பொருள்கள் சிலவற்றில் அந்தக் காவல் இல்லை. அதே இலக்கத்தில் அவரை மறுபடி உருவாக்கி, 'செயலற்றவர்' என்று குறித்துவிடுங்கள். புது இலக்கத்தில் உருவாக்கினால் பயனில்லை.

"தரவுத்தளத்துக்குள்ளை போய் அந்த ஒரு எண்ணை மட்டும் மாத்தினால் என்ன?"

செய்யலாம், பிழைச்செய்தி உடனே போய்விடும். நெல்லி கிரஷ் கடையில் யாராவது 1,140ஐ 1,080 என்று மாற்றியிருந்தால் அன்றைக்கு எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அடுத்த பழைய பெட்டி விற்றதும் மறுபடி 12 போத்தல் வித்தியாசம் வரும். அது மட்டுமில்லை, கணக்காய்வாளர் கேட்கும்போது அந்த 60 எங்கே போனது என்று காட்ட ஒரு பதிவும் இருக்காது.

"'ரிப்பெயர்' எண்டு ஒரு பொத்தான் கிடக்கே, அதை அமத்தட்டோ?"

அமத்துவதற்கு முன் பக்கப், அதாவது தரவின் காப்புப் பிரதி, எடுங்கள். அந்தப் பக்கப்பை இன்னொரு கணினியில் திறந்தும் பாருங்கள். திறக்காத பக்கப் பக்கப் இல்லை. மைக்ரோசொஃப்ற் எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் திருத்தும் கட்டளை ஒன்றின் பெயரே 'தரவு இழப்பை அனுமதித்துத் திருத்து' என்ற பொருளில் இருக்கிறது. வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். பொருந்தாததை வெட்டி எறிந்து மிச்சத்தை ஒத்து வரச் செய்வது அதன் வேலை. வெட்டியது உங்கள் பில்லாக இருக்கலாம்.

இந்தப் பொத்தான் உண்மையில் உதவுவது, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்க் கோப்பு பழுதான இடத்தில். 2022இல் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் எனக்கு இதே வேலைதான். செற்றிங் பிழையை எந்த ரிப்பெயரும் திருத்தாது, ஏனென்றால் மென்பொருளின் பார்வையில் அங்கே பழுது எதுவும் இல்லை.

"ரெண்டு கிளையிலும் ஒரே பில் இலக்கம் வந்திட்டுது. லைன் இல்லாத நேரம் நடந்தது."

இணைப்பு அறுந்தபோது இரண்டு கிளையும் கடைசியாகத் தெரிந்த இலக்கத்தில் இருந்து தனித்தனியே எண்ணத் தொடங்கியிருக்கும். கிளைக்கு ஒரு முன்னொட்டு கொடுங்கள், சாவகச்சேரிக்கு ஒன்று, நெல்லியடிக்கு ஒன்று. ஏற்கனவே மோதியவற்றில் வாடிக்கையாளர் கையில் உள்ள இலக்கத்தை மாற்றாதீர்கள். உள்ளே முன்னொட்டு மட்டும் சேர்த்துப் பிரியுங்கள்.

"ஒரு சதம் ரெண்டு சதம் வித்தியாசம்தானே. பேசாமல் விடலாமோ?"

எந்தச் சதம் என்பதைப் பொறுத்தது. 33.35 ரூபாச் சாமான் மூன்றுக்கு, ஒவ்வொன்றாக 18 வீதம் போட்டுக் கிட்டிய சதத்துக்கு முழுமையாக்கினால் வரி 18.00. மொத்தத்துக்குப் போட்டால் 18.01. விற்பனைப் பகுதி ஒரு விதமாகவும் கணக்குப் பகுதி மற்ற விதமாகவும் அமைந்திருந்தால் பில்லுக்கு ஒரு சதம் இப்படி வரும். இரண்டு பக்கத்தையும் ஒரே விதிக்கு மாற்றினால் அன்றோடு நிற்கும்.

ஆனால் மாத முடிவில் இரண்டு சதம் என்று நிற்பது, 12,000 ரூபா கூடவும் 11,999.98 குறையவும் இருந்து ஒன்றை ஒன்று மறைத்த மிச்சமாகவும் இருக்கலாம். அதனால் வித்தியாசத்தை நாள் வாரியாக எடுத்துப் பாருங்கள். தினமும் சதக் கணக்கில் மெதுவாக ஏறினால் முழுமையாக்கல். ஒரு நாள் ஆயிரக் கணக்கில் குதித்து, இன்னொரு நாள் திரும்பி வந்திருந்தால், அந்த இரண்டு நாளின் மாற்றப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்கு எடுங்கள்.